தன்மோக நடத்தையும் சீற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியே சொன்னால் அற்பமாகத் தெரியும் ஒரு காரணத்துக்காக ஒருவர் கொதித்தெழுவதையும், அந்தக் கொதிப்பு நாள்கணக்கில் அடங்காமல் இருப்பதையும் அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு முதலில் தோன்றுவது, "நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்?" என்ற கேள்விதான். அதிலிருந்து கிளைக்கும் மற்ற கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன. இவை பொதுவான விளக்கங்கள்; தனி ஒருவரைப் பற்றிய மருத்துவக் கருத்தாக எடுத்துக்கொள்ளத் தக்கவை அல்ல.

தன்மோகம், நார்சிசம் என்ற சொற்கள் எதைக் குறிக்கின்றன?

நீரில் தெரிந்த தன் பிம்பத்தின் மீதே மையல் கொண்டு, அதை விட்டு அகல முடியாமல் உருகி மடிந்த நார்சிஸஸ் என்ற இளைஞனைப் பற்றிய கிரேக்கக் கதையிலிருந்து பிறந்த சொல் நார்சிசம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவ எழுத்துகளுக்குள் நுழைந்த இச்சொல்லுக்கு, 1914இல் சிக்மண்ட் ஃபிராய்ட் எழுதிய கட்டுரை உளவியலில் நிலையான இடத்தைப் பெற்றுத் தந்தது. தமிழில் தன்மோகம், சுயமோகம், தற்காதல் என்று பலவாறு எழுதுகிறோம். பேச்சில் "ஈகோ பிடித்தவர்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

அந்தக் கதையில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு நுட்பம் உண்டு. அவன் மயங்கியது தன் பிம்பத்திடம்; அது தன்னுடையது என்பதுகூட அவனுக்கு முதலில் தெரியாது. தன்மோகம் மிகுந்த மனிதரும் ஒரு பிம்பத்தைத்தான் காத்துக்கொண்டிருக்கிறார். தான் தவறே செய்யாதவர், மற்றவர்களைவிட மேலானவர், மற்றவர்கள் வழிவிட வேண்டியவர் என்ற அந்தப் பிம்பம், பிறருடைய பாராட்டு என்ற அசையாத நீர்ப்பரப்பு இருக்கும்வரைதான் தெளிவாகத் தெரியும். நீர் சற்றுக் கலங்கினாலும் அது சிதறிவிடும்.

இப்பண்பு ஓரளவு எல்லோரிடமும் உண்டு. பாராட்டினால் மகிழ்வதும் குறை சொன்னால் முகம் சுருங்குவதும் நோய் ஆகாது.

அப்படியானால் எப்போது அதைக் கோளாறு என்று சொல்கிறார்கள்?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் 3ஆம் பதிப்பில்தான் தன்மோக ஆளுமைக் கோளாறு தனிப் பெயரோடு முதன்முதலாக இடம்பெற்றது. இப்போதைய பதிப்பு ஒன்பது அடையாளங்களைத் தருகிறது: தன்னை மிகைப்படுத்திக்கொள்ளுதல், எல்லையற்ற வெற்றி அல்லது அழகு பற்றிய கற்பனையில் மூழ்குதல், தான் தனிப்பிறவி என்ற நம்பிக்கை, ஓயாத பாராட்டுத் தேவை, தனக்கு எல்லாம் உரியது என்ற எண்ணம், பிறரைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளுதல், பிறர் உணர்வை உணர்ந்து நடக்காமை, பொறாமை, இறுமாப்பு. இவற்றுள் ஐந்தேனும் இளமைப் பருவத்திலிருந்தே பல சூழல்களில் நிலையாக இருக்க வேண்டும்; அவற்றால் வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கவும் வேண்டும்.

இந்த ஒன்பதில் சீற்றம் என்ற சொல்லே இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். அதை அடையாளமாக அன்றி, குறை கூறப்படும்போது இத்தகையோரிடம் எழக்கூடிய எதிர்வினைகளில் ஒன்றாகவே கையேடு விவரிக்கிறது. ஆகவே, ஒருவர் அடிக்கடி கத்துகிறார் என்பதை மட்டும் வைத்து அவரை நார்சிசிஸ்ட் என்று முடிவு கட்டுவது சரியாகாது. மனச்சோர்வு, மதுப் பழக்கம், இருமுனை மனநிலைக் கோளாறு, நீண்ட நாள் தூக்கமின்மை என அடிக்கடி வெடிக்கும் கோபத்துக்கு வேறு காரணங்கள் ஏராளம்.

எத்தனை பேருக்கு இக்கோளாறு உண்டு என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியான பெரிய கணக்கெடுப்பு ஒன்று, வாழ்நாளில் இக்கோளாறு உடையவர்கள் 6.2 சதவீதம் என்றது, ஆண்களில் 7.7, பெண்களில் 4.8. வேறு கணக்கெடுப்புகளில் இதைவிட மிகக் குறைவாகவே கிடைத்திருக்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11ஆம் பதிப்போ, இப்படித் தனித்தனிப் பெயர் சூட்டுவதையே பெரும்பாலும் கைவிட்டு, ஆளுமைச் சிக்கல் எவ்வளவு தீவிரமானது என்று அளக்கும் முறைக்கு மாறிவிட்டது. பெயர்ச்சண்டையை மருத்துவர்களிடம் விட்டுவிட்டு நடத்தையைப் பார்ப்பதே நமக்குப் பயன் தரும் என்பது எமது கருத்து.

எல்லா நார்சிசிஸ்டுகளும் ஆர்ப்பாட்டமாகத்தான் இருப்பார்களா?

இல்லை. சபையில் தன் பெருமையைத் தானே பேசி, கேட்பவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்தாதவர் ஒரு வகை. ஆய்வாளர்கள் இதை ஆடம்பர வகை என்கிறார்கள். இன்னொரு வகை பார்வைக்கு நேரெதிராக இருக்கும். கூச்சமாக, அடக்கமாக, எப்போதும் காயப்பட்டவராகத் தெரிவார். தன் அருமை யாருக்கும் புரியவில்லை என்ற குறையை நெஞ்சில் சுமந்துகொண்டே இருப்பார். நான்கு பேரை வாழ்த்தும்போது தன் பெயர் விடுபட்டதை நான்கு ஆண்டுகள் கழித்தும் நினைவு வைத்திருப்பார். இதை நொய்ந்த வகை அல்லது மறைவான வகை எனலாம். ஒரே மனிதர் வெற்றியின்போது முதல் வகையாகவும் தோல்வியின்போது இரண்டாம் வகையாகவும் மாறுவதும் உண்டு.

சீற்றத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவு அவசியம். உளவியல் ஆய்வாளர்கள் ஸ்லாட்டன் கிரிசானும் ஓமேஷ் ஜோஹரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கொந்தளிக்கும் ஆத்திரத்தோடும் வன்மத்தோடும் நெருங்கிய தொடர்பு உடையதாகத் தெரிந்தது நொய்ந்த வகைதான். மார்தட்டிப் பேசுபவரைக் கண்டு ஒதுங்குகிறோம். புண்பட்ட முகத்தோடு இருப்பவரிடம் அந்த எச்சரிக்கை நமக்கு வருவதில்லை.

சாதாரணக் கோபத்திலிருந்து இந்தச் சீற்றம் எப்படி வேறுபடுகிறது?

கோபத்துக்கு ஒரு பொருள் இருக்கும். பணத்தைத் திருப்பித் தரவில்லை, சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று கோபப்படுபவர், பணம் வந்ததும் அல்லது ஒரு நல்ல விளக்கம் கிடைத்ததும் தணிந்துவிடுவார். தன்மோகச் சீற்றம் அப்படித் தணிவதில்லை, ஏனெனில் அது கேட்பது வேறு.

ஓர் அலுவலகக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலாளர் திரையில் காட்டும் விற்பனை அட்டவணையில் ஓர் எண் பிசகியிருக்கிறது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் இளம் ஊழியர் தாழ்ந்த குரலில், "சார், அது போன வருஷக் கணக்கு" என்கிறார். மேலாளர் சிரிக்கிறார், "பரவாயில்லையே, கவனமாத்தான் பார்க்கறீங்க" என்று பாராட்டவும் செய்கிறார். ஆனால் அவருடைய காதுமடல் சிவந்திருக்கிறது. கையிலுள்ள பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அந்த ஊழியரை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்துகிறார். "எத்தனை பேர் முன்னாடி என்னை முட்டாளாக்கினே?" என்று தொடங்கி இருபது நிமிடம் பேசுகிறார். அந்த இருபது நிமிடத்தில் பிசகிய எண்ணைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மறுநாள் முதல் ஊழியரின் பெயர் மின்னஞ்சல் பட்டியலில் இல்லை. மூன்று மாதம் கழித்து ஆண்டு மதிப்பீட்டில், "குழுவோடு ஒத்துப்போவதில்லை" என்று ஒரு வரி ஏறுகிறது.

இச்சீற்றத்துக்கு நார்சிசச் சீற்றம் என்ற பெயரிலேயே விரிவான விளக்கம் தந்தவர், வியன்னாவில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் ஹைன்ஸ் கோஹுட். 1972இல் அவர் எழுதிய கட்டுரையில் முதன்மையாகச் சுட்டியது சீற்றத்தின் அளவை அன்று, அதன் விடாப்பிடியைத்தான்: பட்ட காயத்தை எப்படியாவது இல்லாமல் ஆக்கிவிட வேண்டும், பழி தீர்த்தே ஆக வேண்டும் என்ற உந்துதல் ஓயாமல் துரத்தும், அதில் தனக்கு வரும் நட்டமும் கண்ணில் படாது. எதிரில் இருப்பவர் தனக்கென ஒரு மனம் உள்ள தனி மனிதர் என்ற உணர்வே அப்போது மங்கிவிடுகிறது என்பது அவர் விளக்கத்தின் இன்னொரு பகுதி. நம் கையைத் தூக்கச் சொல்லி அது தூக்க மறுத்தால் எப்படித் திகைப்போமோ, அப்படித்தான் மனைவியோ மகனோ உதவியாளரோ "முடியாது" என்று சொல்லும்போது இவர் திகைக்கிறார். மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பது அந்தக் கணத்தில் அவருக்குத் தட்டுப்படுவதே இல்லை.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இவ்வளவு பெரிய வெடிப்பு ஏன்? உள்ளே என்ன நடக்கிறது?

வெட்கம் என்பதே சுருக்கமான விடை. நாணத்தைச் சொல்லவில்லை, "நான் குறைபட்டவன், அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது" என்று உடம்பையே கூசிப்போகச் செய்யும் அவமான உணர்வைச் சொல்கிறோம். குற்றவுணர்வு "நான் செய்தது தவறு" என்று சொல்லும். அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது, மன்னிப்புக் கேட்கலாம், ஈடு கட்டலாம். வெட்கம் "நானே தவறு" என்று சொல்கிறது. அதிலிருந்து தப்ப ஓடி ஒளியலாம், அல்லது பார்த்தவரின் கண்ணைக் குத்தலாம். ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் 1971இலேயே, சிகிச்சை அறைப் பதிவுகளை ஆராய்ந்து, உணரப்படாத வெட்கம் நொடியில் ஆத்திரமாக உருமாறுவதைக் காட்டினார்.

மாற்றம் மிக வேகமாக நடப்பதால், சீறுபவருக்கே தான் வெட்கப்பட்டது தெரியாது. அவருக்குத் தெரிவது, தான் தாக்கப்பட்டோம் என்பதுதான். ஆகவேதான், பின்னர் நிதானமாகக் கேட்டாலும், "நீதான் தொடங்கினாய்" என்று அவர் மனமார நம்பிச் சொல்கிறார். எல்லா நேரமும் அது பொய் என்று எண்ண வேண்டியதில்லை. அவருடைய நினைவில் நிகழ்ச்சி அப்படித்தான் பதிந்திருக்கும். ஆத்திரம் அவருக்குக் கைமேல் பலனும் தருகிறது. ஒரு நிமிடம் முன்பு சிறுத்துப் போயிருந்தவர் இப்போது அறையிலேயே பெரியவராக நிற்கிறார். எதிரில் இருப்பவர்தான் சிறுத்துப்போகிறார். வெட்கம் கைமாறிவிட்டது. பலன் தந்த வழியை மனம் மீண்டும் நாடும் என்பதால், ஒவ்வொரு வெடிப்பும் அடுத்ததற்குப் பாதை போட்டுவிடுகிறது.

தூண்டிவிடுவது பெரும்பாலும் எது?

பிறர் முன்னிலையில் திருத்தப்படுவது, வேறொருவர் பாராட்டப்படுவது, "வேண்டாம்" என்ற சொல், காத்திருக்க வைக்கப்படுவது, சொன்னதை ஒருவர் மறந்துபோவது, நெருங்கியவர் தன்னைச் சாராமல் ஒரு முடிவெடுப்பது, விட்டுப் பிரிந்து செல்வது. சிரிப்பு மிக அபாயமானது. வேறு எதற்கோ அடுத்த அறையில் எழுந்த சிரிப்பையும் தன்னைப் பற்றியது என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

சத்தம் போடாதவரிடமும் இது இருக்குமா?

நிச்சயமாக. நாள்கணக்கில் பேசாமல் இருப்பது, கேட்டால் "ஒன்றுமில்லை" என்பது, வாக்குக் கொடுத்த உதவியைக் கடைசி நேரத்தில் மறப்பது, உறவினரிடம் மெல்லிய குரலில் உங்களைப் பற்றிக் கவலைப்படுவது போலப் பேசிப் பெயரைக் கெடுப்பது ஆகியவையும் அதே சீற்றத்தின் குளிர்ந்த வடிவங்களே. வெளியாட்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் பாதிக்கப்பட்டவர் இதை நிரூபிக்க முடியாமல் தவிப்பார். எம் பார்வையில், கத்துபவரோடு வாழ்வதைவிட இது கடினம்.

தாழ்வு மனப்பான்மைதான் இவர்களை வன்முறைக்குத் தள்ளுகிறதா?

நெடுங்காலம் அப்படித்தான் நம்பப்பட்டது. அதனால் "தன்மதிப்பை உயர்த்தினால் வன்முறை குறையும்" என்ற அறிவுரையும் பெருகியது. உளவியலாளர்கள் பிராட் புஷ்மனும் ராய் பாமைஸ்டரும் 1998இல் வெளியிட்ட சோதனை இதைக் கேள்விக்குள்ளாக்கியது. கல்லூரி மாணவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். சிலருக்கு நல்ல மதிப்புரை வந்தது. சிலருக்கு, படித்தவற்றிலேயே மிக மோசமான கட்டுரைகளில் ஒன்று என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பிறகு ஒரு போட்டி. அதில் தோற்கும் எதிராளிக்குக் காதைப் பிளக்கும் இரைச்சலை எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்யலாம். தன்மோக அளவுகோலில் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்து, அவமதிக்கப்பட்டவர்களே மிக உரத்த இரைச்சலைக் கொடுத்தார்கள். அதுவும் அவமதித்தவருக்குத்தான், சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளுக்கு அன்று. தன்மதிப்பு உயர்வா தாழ்வா என்பதற்கும் இரைச்சலின் அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

2021இல் சோஃபி க்யார்விக்கும் புஷ்மனும் 437 ஆய்வுகளை, அதாவது 1,23,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் தன்மோகத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் இடையே தெளிவான தொடர்பு தெரிந்தது. சீண்டப்படும்போது அது வலுத்தது. சீண்டப்படாதபோதும் முற்றாக மறையவில்லை. இந்தத் தொடர்பு நடுத்தர அளவானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன்மோகம் உள்ள எல்லோரும் கை ஓங்குபவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை.

முந்தைய விடையில் வெட்கம் என்றோம், இங்கே தன்மதிப்புக்குத் தொடர்பில்லை என்கிறோமே என்று கேட்கலாம். உயர்ந்த தன்மதிப்பு வேறு, ஊதிப் பெருத்த தன்மதிப்பு வேறு. படிவத்தில் "நான் சிறந்தவன்" என்று இருவரும் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிப்பார்கள். ஒருவருக்கு அதை யாரும் ஒப்புக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. மற்றவருக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒருவர் இப்படி ஆவதற்கு என்ன காரணம்? வளர்ப்பா, பிறவியா?

இரண்டும். இரட்டையரை வைத்து நடத்திய ஆய்வுகள், மற்ற ஆளுமைப் பண்புகளைப் போலவே இதிலும் மரபணுவுக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு என்று காட்டுகின்றன. எளிதில் காயப்படும் இயல்போடும், முன்னிற்கத் துடிக்கும் இயல்போடும் பிறக்கும் குழந்தைகள் உண்டு.

வளர்ப்பைப் பற்றி இரண்டு பழைய வாதங்கள் மோதிக்கொண்டன. குழந்தை "என்னைப் பார்" என்று ஓடி வரும்போது பார்த்து மகிழும் கண்கள் தேவை. அது தொடர்ந்து கிடைக்காத குழந்தை, பெரியவரான பின்னும் அதே கண்களைத் தேடி அலைகிறது என்றார் கோஹுட். அவருடைய சமகாலத்து உளப்பகுப்பாய்வாளரான ஓட்டோ கெர்ன்பெர்க்கோ, இதன் அடியில் ஆக்ரோஷமும் பொறாமையும் இருப்பதாகவும், குளிர்ந்த, இரக்கமற்ற பெற்றோரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே மேன்மை என்ற கோட்டையைக் குழந்தை கட்டிக்கொள்வதாகவும் கருதினார். சிகிச்சை அறையில் பிறந்த கருத்துகள் இவை. எந்தக் குழந்தை எப்படி ஆனது என்று பின்தொடர்ந்து பார்த்தவை அல்ல.

அப்படிப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2015இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. எடி புரூம்மெல்மனும் அவர் குழுவினரும் 565 குழந்தைகளையும் பெற்றோரையும் ஆறு மாத இடைவெளிகளில் நான்கு முறை கேட்டறிந்தார்கள். "என் குழந்தை மற்றக் குழந்தைகளைவிடச் சிறப்பானது, அதற்குத் தனிச் சலுகை வேண்டும்" என்று எண்ணிய பெற்றோரின் குழந்தைகளிடம் பின்னாளில் தன்மோகம் கூடியது. "உன்னை எனக்குப் பிடிக்கும்" என்பதை உணர்த்திய பெற்றோரின் குழந்தைகளிடம் ஆரோக்கியமான தன்மதிப்பு கூடியது. அன்புக் குறைவு தன்மோகத்தை வளர்க்கிறது என்பதற்கு அந்த ஆய்வில் சான்று கிடைக்கவில்லை.

ஆனால் இதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. சிறுவயதில் அவமதிப்பும் புறக்கணிப்பும் வன்கொடுமையும் அனுபவித்தவர்களிடம் நொய்ந்த வகை கூடுதலாகத் தென்படுவதை வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே வீட்டில் இரண்டும் நடப்பதும் அரிதன்று. ஒரு சிறுமி தான் வரைந்த படத்தை நீட்டுகிறாள், அம்மா அதைப் பார்க்காமலே, "உன்னைப் போல யாரால் வரைய முடியும்!" என்கிறார். அடுத்த வாரம் தேர்வில் இரண்டாமிடம் வந்ததும் அதே அம்மா ஒரு நாள் முழுவதும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. புகழ்ச்சியும் புறக்கணிப்பும் அச்சிறுமிக்கு ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன: இந்த வீட்டில் இடம் அவளுக்கு இல்லை, முதலிடத்துக்குத்தான்.

சமூக ஊடகங்கள் நார்சிசிஸ்டுகளை உருவாக்குகின்றனவா?

ஏற்கெனவே பாராட்டைத் தேடுபவருக்கு விருப்பக்குறிகள் நல்ல தீனி என்பது உண்மை. அவைதான் உருவாக்குகின்றன என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. தற்படம் எடுப்பவரையெல்லாம் நோயாளியாக்குவதும் அபத்தம்.

உடன் வாழ்பவருக்கு இதனால் என்ன ஆகிறது?

முதலில் மாறுவது கவனம். வாசற்கதவில் சாவி திரும்பும் ஓசையை வைத்தே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று கணிக்கப் பழகிவிடுவார்கள். என்ன சொல்வது என்பதைவிட எப்போது, எந்தக் குரலில் சொல்வது என்ற ஒத்திகை மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல செய்தியைக்கூடத் தள்ளிப்போடுவார்கள், தன் பதவி உயர்வை மூன்று நாள் மறைத்துவைத்து, அவர் நல்ல மனநிலையில் இருக்கும் வேளை பார்த்து, "பெரிசா ஒண்ணும் இல்லை" என்ற முன்னுரையோடு சொல்லும் மனைவிகள் இருக்கிறார்கள், கணவன்மாரும் இருக்கிறார்கள். இப்படி எப்போதும் விழிப்பு நிலையில் இருக்கும் உடம்பு தூக்கத்தை இழக்கிறது. தலைவலி, வயிற்றுக் கோளாறு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை பின்தொடர்கின்றன.

இரண்டாவது மாறுவது தன் அறிவின் மீதுள்ள நம்பிக்கை. "நான் அப்படிச் சொல்லவே இல்லை", "நீ எப்போதும் மிகைப்படுத்துகிறாய்" என்று திரும்பத் திரும்பக் கேட்கும்போது, கண்ணால் கண்டதையே ஐயப்படத் தொடங்குவார்கள். கேஸ்லைட்டிங் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1997இல் இதற்கு நெருக்கமான ஒரு முறையை விவரித்தார்: குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் மறுக்கிறார், பிறகு சாட்டியவரைத் தாக்குகிறார், இறுதியில் தானே பாதிக்கப்பட்டவர் என்று இடம் மாறி நிற்கிறார். நியாயம் கேட்கப் போனவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்புவது இப்படித்தான்.

"இவ்வளவு தெரிந்தும் ஏன் விட்டுப் போகவில்லை?" என்று வெளியிலிருந்து கேட்பது எளிது. சீற்றத்துக்கு இடையிடையே பழைய பரிவும் சிரிப்பும் பரிசும் வந்துகொண்டிருக்கும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் விட்டுவிட்டுக் கிடைக்கும் வெகுமதி, தவறாமல் கிடைப்பதைவிட ஆழமாகப் பிணைக்கும் என்பதை நடத்தை உளவியல் நெடுங்காலமாக அறியும். பொருளாதாரச் சார்பும் குழந்தைகளும் உறவினரின் வாயும் அதற்குமேல்.

சீறுபவருக்கே இதனால் பாதிப்பு இல்லையா?

உண்டு. நண்பர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். வேலைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு இடத்திலும் குற்றம் அந்த இடத்தின் மீதே விழுகிறது. பிம்பத்தைத் தாங்கிப்பிடித்த அழகோ பதவியோ உடல்வலுவோ கைவிடும்போது ஆழ்ந்த மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரலாம். அப்படிப்பட்ட பேச்சை மிரட்டல் என்று தள்ளிவிடாமல், உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

சீற்றம் பொங்கி நிற்கும் நேரத்தில் நான் என்ன செய்வது?

வாதாடாதீர்கள். அந்த நேரத்தில் சான்று காட்டுவது, வெட்கத்தின் மேல் மேலும் வெட்கத்தைக் கொட்டுவதாகவே முடியும். குரலைத் தாழ்த்தி, "இப்போது பேச வேண்டாம், பிறகு பேசலாம்" என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அறையை விட்டு அகலுங்கள். செய்யாத தவறை ஒப்புக்கொண்டு அமைதியை விலைக்கு வாங்காதீர்கள். அன்று இரவுக்கு அது உதவும், அடுத்த முறை அதுவே உங்களுக்கு எதிரான சான்றாக வரும். பின்னர் பேசும்போது அவருடைய குணத்தைப் பற்றிப் பேசாமல் ஒரு குறிப்பிட்ட செயலைப் பற்றி மட்டும் பேசுங்கள்: "கத்தினால் நான் எழுந்து போய்விடுவேன்" என்பது எல்லை. "நீங்கள் கத்தக் கூடாது" என்பது வேண்டுகோள். முதலாவதை நிறைவேற்ற அவர் ஒத்துழைப்புத் தேவையில்லை.

நடந்ததை நாள், நேரத்தோடு அவருடைய கைக்கு எட்டாத இடத்தில் குறித்து வையுங்கள். ஐயம் வரும் நாளில் உங்கள் கையெழுத்தே உங்களுக்குச் சாட்சி.

பொருள்களை உடைத்தல், வழிமறித்தல், கழுத்தில் கை வைத்தல், கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல் ஆகியவை தொடங்கிவிட்டால் மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. அது பாதுகாப்புப் பற்றிய கேள்வி. காவல்துறை, வன்முறையால் பாதிக்கப்பட்டோருக்கான உதவி மையம், நம்பகமான ஒருவர் ஆகியோரின் துணையோடு வெளியேறும் திட்டம் வேண்டும். பிரியும் தறுவாயில்தான் ஆபத்து கூடும் என்பதால், திட்டத்தை அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

"நீங்கள் ஒரு நார்சிசிஸ்ட்" என்று அவரிடமே சொல்லலாமா?

சொல்லி நன்மை விளைந்ததாக எமக்குத் தெரிந்து இல்லை. அச்சொல்லை அவர் மறுவாரமே உங்கள் மீது திருப்பிவிடுவார்.

சிகிச்சையால் மாற முடியுமா?

முடியும்; மெதுவாக, சிலருக்கு. இக்கோளாற்றுக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து தருவார்கள். முதன்மைச் சிகிச்சை உரையாடல்தான். கெர்ன்பெர்க் வழியில் வந்த சிகிச்சையும், சிறுவயதிலிருந்தே வேரூன்றிய எண்ணப் பாங்குகளை மாற்ற முயலும், ஜெஃப்ரி யங் உருவாக்கிய ஸ்கீமா சிகிச்சையும் பயன்படுத்தப்படுகின்றன. பொதுவாக இக்கோளாறு உள்ளவர்கள் தன்மோகத்துக்காகச் சிகிச்சைக்கு வருவதில்லை. வேலை போனதற்காக, மணவாழ்க்கை முறிந்ததற்காக, தூக்கம் வராததற்காக வருகிறார்கள். வந்தவர்களில் பலர் பாதியில் நின்றும் விடுகிறார்கள், ஏனெனில் சிகிச்சையாளர் வாய் திறந்து ஒரு குறையைத் தொட்டாலே கூட்ட அறையில் நடந்ததுதான் அங்கும் நடக்கும். சீற்றத்துக்கு முந்தைய அந்த ஒரு நொடியில் தனக்கு வெட்கமாக இருந்தது என்று ஒருவர் சொல்லும் நாளை, நல்ல சிகிச்சையாளர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து அடைகிறார்கள்.

வயதும் ஓரளவு உதவுகிறது. 2024இல் வெளியான, 51 நெடுங்கால ஆய்வுகளின் தொகுப்பு, குழந்தைப் பருவத்திலிருந்து முதுமை வரை தன்மோகம் சராசரியாகக் குறைந்துகொண்டே வருவதைக் காட்டியது. ஆனால் தன் வயதொத்தவர்களோடு ஒப்பிட்டால் முன்னே நின்றவர் பெரும்பாலும் முன்னேயேதான் நிற்கிறார். ஆகவே அறுபது வயதில் சரியாகிவிடும் என்று முப்பது வயதில் காத்திருப்பதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

இதையெல்லாம் படிக்கும்போது நானே அப்படித்தானோ என்று தோன்றுகிறது.

கவலையோடு கேட்கிறீர்கள் என்பது நல்ல அறிகுறி. ஆனால் அதையே நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசியாக நீங்கள் மன்னிப்புக் கேட்டதை நினைவுபடுத்திப் பாருங்கள். அதில் "ஆனால்" இருந்ததா? கடைசியாக ஒருவர் உங்களைத் திருத்தியபோது, அவர் சொன்னது சரியா என்று பார்த்தீர்களா, அவர் யார் அதைச் சொல்ல என்று பார்த்தீர்களா? வீட்டில் மூவர் மூன்று நேரங்களில் ஒரே குறையைச் சொல்லியிருந்தால், மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ ஒருமுறை சந்திப்பதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

அவர் என்றாவது தவறை ஒப்புக்கொள்வாரா?

சொல்லால் ஒப்புக்கொள்வது அரிது. அந்த மேலாளரை மீண்டும் எடுத்துக்கொள்வோம். அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் திரையில் அதே அட்டவணை வருகிறது. பிசகிய எண் சரியாகிவிட்டது. யார் திருத்தினார், எப்போது திருத்தினார் என்று அவர் சொல்லவில்லை; யாரும் கேட்கவுமில்லை. ஊழியரின் பெயர் மின்னஞ்சல் பட்டியலில் இன்னும் சேரவில்லை. எண்ணை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அவரால் வர முடிந்திருக்கிறது. அதைச் சொன்ன ஆளை ஏற்றுக்கொள்ளும் வரை அந்த ஊழியர் அங்கே காத்திருப்பதா, வேறு வேலை தேடுவதா என்பதற்கான விடை மேலாளரிடம் இல்லை.